தலையைத் தொடாதே

அன்புள்ள கண்ணாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அடுப்பில் குக்கர் விசில், பக்கத்தில் அப்பா "என்கிட்ட குடு, என்கிட்ட குடு" என்று கையை நீட்டிக்கொண்டு நின்றார். விட்டுவிட்டேன். மூன்று நாளாக மனதில் அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம். பார்சலில் பருப்புப்பொடிக்கு மேலேயே வைக்கிறேன். இதைப் படித்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும்.

பேஸ்பால் ஆட்டக்காரர் அட்ரியன் பெல்ட்ரே உங்கள் ஊர் சியாட்டில் அணியில் 5 வருடம் காசை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டுப் போனவர் என்று உன் ஆபீஸ் நண்பன் சொன்னானாம். சரி, சியாட்டில்காரன், அவனுக்கு அப்படித்தான் தெரியும். நீயும் "ஆமா ஆமா" என்று தலையாட்டினாயாமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய 29ஆம் நம்பர் போட்ட நீலச் சட்டையைத் துவைக்கக்கூடக் கழற்றித் தராத பையன் நீ.

நான் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டதே உன்னால்தான். 2011இல் உனக்குப் பத்து வயது. அப்பாவுக்குக் கிரிக்கெட்டைத் தவிர எதுவும் ஆட்டமில்லை. "ஃபுல் டாஸை அடிப்பதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். உனக்குத் துணைக்கு நான் உட்கார்ந்தேன். வலதுகைக்காரன் இழுத்து அடித்தால் பந்து நேராக இடது பக்க மூலையில் இருக்கும் மூன்றாம் பேஸுக்குத்தான் சீறிக்கொண்டு வரும், நிற்கிறவனுக்கு யோசிக்க நேரமே கிடையாது என்று நீதான் சோபா குஷன்களைத் தரையில் வைத்துக் காட்டினாய். அப்புறம்தான் அந்த மூன்றாம் பேஸில் பெல்ட்ரே நிற்கிற அழகு எனக்குக் கண்ணில் பட்டது. மெதுவாக உருண்டு வரும் பந்தை ஓடிவந்து, கையுறை இல்லாத கையால் எடுத்து, நிமிராமலே, அடித்தவன் ஓடிச் சேர்வதற்குள் முதல் பேஸுக்கு எறிவாரே. தரையில் விழுந்த கொத்தமல்லிக் கட்டை எடுக்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக. அதற்காகவே நான் பார்ப்பேன். வேலியைத் தாண்டி அடிக்கிற ஹோம் ரன் எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

உன் நண்பன் பார்த்தது அந்த ஹோம் ரன்னை மட்டும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், அவனிடமும் சொல்.

பெல்ட்ரே டொமினிகன் குடியரசின் தலைநகர் சாண்டோ டொமிங்கோவில் 1979இல் பிறந்தவர். 1994இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தபோது வயது 15. 16 ஆகாமல் செய்யக்கூடாது என்பது விதி. 1999இல் விஷயம் வெளியே வந்து அந்த அணிக்கு அபராதம் விழுந்தது, அவர்களுடைய டொமினிகன் பயிற்சிக்கூடமும் ஒரு வருடம் மூடிக் கிடந்தது. இதை நீ எனக்கு ஒரு வேடிக்கைக் கதை மாதிரிதான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 15 வயதில் உன்னை ஸ்கூல் டூருக்கு அனுப்பிவிட்டு மூன்று நாள் தூங்காதவள் நான். அந்த அம்மா என்ன செய்திருப்பார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

19 வயதில் பெரிய அணிக்கு வந்து, முதல் முறை மட்டையைப் பிடித்தபோதே டபுள், அதாவது இரண்டாம் பேஸ் வரை ஓடவைக்கிற அடி அடித்தார். 2001 ஆரம்பத்தில் ஊருக்குப் போன இடத்தில் குடல்வால் ஆபரேஷன். அது சரியாக ஆறாமல் மறுபடியும் ஆபரேஷன். அப்புறம் 2004. கணுக்காலில் எலும்பு முளைத்து வலித்த காலோடு அந்த ஒரே வருடத்தில் 48 ஹோம் ரன்! அந்த வருடம் வேறு யாரும் அத்தனை அடிக்கவில்லை. சிறந்த ஆட்டக்காரர் விருதில் பேரி பாண்ட்ஸுக்கு அடுத்த இடம். அதைப் பார்த்துத்தான் உங்கள் ஊர்க்காரர்கள் 5 வருடத்துக்கு 6.4 கோடி டாலர் என்று பேசிக் கூட்டிக்கொண்டு போனார்கள். முதல் வருடம் அடித்தது 19. உடனே ஆரம்பித்துவிட்டது பேச்சு.

இப்போது நீ ஒன்று செய். அடுத்த முறை அந்த மைதானத்துக்குப் போகும்போது சீட்டைத் தேடி ஓடாமல், பிளேட்டுக்குப் பின்னால் போய் நின்று இடது பக்கத்தைப் பார். நீ இப்போது பார்ப்பது 2013க்கு முன்னால் உள்ளே தள்ளிக் கட்டிய வேலி. பெல்ட்ரே ஆடிய காலத்தில் அது இன்னும் தள்ளி இருந்தது. கடல் பக்கத்து ஊர். இரவானால் காற்று குளிர்ந்து கனத்துவிடும், தூக்கி அடித்த பந்து போகாமல் நின்றுவிடும். வலதுகைக்காரன் இடது பக்கம் இழுத்து அடித்த நல்ல அடியெல்லாம் வேலிக்கு முன்னாலேயே செத்து விழும். அங்கே நின்றுகொண்டு 5 வருடத்தில் 103 ஹோம் ரன் அடித்திருக்கிறார். அத்தனை பேர் புலம்பியதால்தானே பிறகு வேலியையே நகர்த்தினார்கள்? இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மாமியார் வீட்டில் ஈர விறகைக் கொடுத்துவிட்டு, சாதம் வேகவில்லை என்று மருமகளைத் திட்டுகிற கதைதான்.

அதோடு 2007, 2008 இரண்டு வருடமும் மூன்றாம் பேஸில் நன்றாகப் பந்து தடுப்பவருக்கான கோல்ட் குளோவ் விருதை அவர்தான் வாங்கினார், உங்கள் ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வாங்கினார். சும்மா இருந்தவருக்கா அதைக் கொடுப்பார்கள்?

2009 ஆகஸ்ட் விஷயத்தைப் பின்னால் நீ எனக்குச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். எங்கே அடிபட்டது என்று என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு, "கீழே, கீழே" என்று நீ நெளிந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. தரையில் பட்டு எகிறிய பந்து. உள்ளே கவசம் போடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய அந்த ஆட்டம் 14 இன்னிங்ஸ் இழுத்தது. மனிதர் வெளியே போகவில்லை, கடைசிவரை நின்று ஆடிவிட்டுத்தான் ஆஸ்பத்திரி. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்: கவசம் போட்டிருக்க வேண்டும். ஆனால் சும்மா இருந்தவர் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

உங்கள் ஊர் செல்லப்பிள்ளை ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸைக் கேட்டுப் பார்க்கச் சொல். பெல்ட்ரே டெக்சஸுக்கு வந்த பிறகு இவர் பந்து போட, அவர் மட்டை பிடிக்க, இரண்டு பேரும் ஆட்டத்தின் நடுவிலேயே ஒருவரை ஒருவர் சீண்டிச் சிரித்துக்கொள்வார்களே. உதவாத ஆளிடம் யாரும் அப்படி உறவு கொண்டாட மாட்டார்கள்.

சியாட்டிலுக்குப் பிறகு பாஸ்டனில் ஒரு வருடம். அது சின்ன மைதானம், ஆவரேஜ் .321 (நூறு முறை மட்டை பிடித்தால் 32 ஹிட்), 49 டபுள். வேலியைக் கிட்டக் கொண்டுவந்ததும் என்ன ஆனது பார்த்தாயா? அப்புறம் 31 வயதில் நம் ஊருக்கு, டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணிக்கு வந்தார். இந்த வயதுக்கு இவ்வளவு பணமா என்று டிவியில் பேசினார்கள். நான் ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்: 30 வயது முடியும்வரை அடித்தது 250 ஹோம் ரன், அதற்கப்புறம் 227. இரண்டாவது பாதியை யாரும் அவரிடம் எதிர்பார்க்கவே இல்லை. கடைசியில் 477 ஹோம் ரன், 3,166 ஹிட். 21 வருடம் ஆடினார்.

ஒரு காலை மடித்து முட்டி போட்டு அடிப்பாரே, அதை நீ ஹாலில் செய்து காட்டி டீப்பாய்க் கண்ணாடியை உடைத்தாய். உடைத்தது போதாதென்று முட்டியில் மூன்று தையல்.

2011 அக்டோபர் 27ஐப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். செயின்ட் லூயிஸில், சாம்பியன் யார் என்று முடிவு செய்கிற உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். அதில் பெல்ட்ரே ஹோம் ரன் அடித்தார். ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் (அவர்கள் அடிக்கத் தவறுகிற பந்து) வந்தால் கோப்பை நமக்கு, வரவில்லை. பத்தாவதிலும் அதே ஒரு ஸ்ட்ரைக், அதுவும் வரவில்லை. பதினோராவதில் எதிரணியின் டேவிட் ஃப்ரீஸ் அடித்த அடியில் எல்லாம் போனது. நீ அழவில்லை. சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாய். இரவு ஒரு மணிக்கு அப்பா, பேஸ்பாலே பிடிக்காத அப்பா, உனக்குத் தயிர்சாதம் பிசைந்துகொண்டு போனார். அது உனக்குத் தெரியாது. நீ தூங்கிவிட்டாய் என்று அவரே சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தார்.

பெல்ட்ரேவுக்குக் கடைசிவரை அந்தக் கோப்பை கிடைக்கவே இல்லை. 2018இல் ஓய்வு பெற்றார். நம் ரேஞ்சர்ஸ் முதல்முறை ஜெயித்தது 2023இல். எனக்கு அதில் இன்னும் கொஞ்சம் கோபம்தான். யார்மேல் என்று கேட்காதே.

இனி தலை விஷயம். அவருக்குத் தலையை யாராவது தொட்டால் ஆகாது. ஹோம் ரன் அடித்துவிட்டு வரும்போது எல்லாரும் கை கொடுப்பார்கள், அணியில் கூட ஆடிய எல்விஸ் ஆண்ட்ரஸ் மட்டும் பின்னால் வந்து தலையைத் தடவிவிட்டு ஓடுவான். இவர் கையுறையை வீசி எறிந்து துரத்துவார். நமக்குத் தலையில் கை வைப்பது என்றால் ஆசீர்வாதம். பெரியவர் ஒருத்தர் இப்படிப் பயந்து ஓடுவதைப் பார்க்க எனக்கு முதலில் விநோதமாக இருந்தது. ஆனால் நம் வீட்டிலும் ஒருத்தன் இருந்தானே. சனிக்கிழமை காலையில் நல்லெண்ணெயைக் காய்ச்சி நான் கிண்ணத்தோடு வந்தால் போதும், "அம்மா, நான் பெல்ட்ரே, தலையைத் தொடாதே!" என்று சோபாவைச் சுற்றி ஓடுவாய். நான்தான் ஆண்ட்ரஸ். எத்தனை சனிக்கிழமை! கார்ப்பெட்டில் அந்த எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது, வீட்டு ஓனருக்குத் தெரியாமல் மேலே பூத்தொட்டியை வைத்திருக்கிறேன்.

2017 ஜூலையில் நடுவர் அவரை, காத்திருக்கிறவர் நிற்க வேண்டிய வட்டத்தில் போய் நில் என்றார். இவர் அந்த வட்டப் பாயையே இழுத்துவந்து தான் நின்ற இடத்தில் போட்டுக்கொண்டார். வெளியே அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பு! நாலு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, கூரையில்லாத அந்தப் பழைய மைதானத்தில், வெயிலில் மோர் பாட்டிலோடு நாம் மூன்று பேரும். டபுள் அடித்தார், 3,000ஆவது ஹிட். அவருடைய பிள்ளைகள் மைதானத்துக்குள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். டொமினிகனில் பிறந்தவர்களில் அந்த எண்ணைத் தொட்ட முதல் ஆள். அப்பாகூட எழுந்து நின்று கை தட்டினார். பக்கத்திலிருந்தவர் முதுகில் தட்டியபோது, "ஐ லைக் கிரிக்கெட்" என்றார்.

2024இல் அவரை, பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். தகுதி வந்த முதல் வருடத்திலேயே, நூற்றுக்கு 95 பேர் வாக்களித்து. கூப்பர்ஸ்டவுனில் நடந்த அந்த விழாவை நான் தனியாகப் பார்த்தேன், நீ அதற்குள் சியாட்டில் போய்விட்டாய். மேடையில் பேசிக்கொண்டிருந்தவரின் தலையை இன்னொரு பழைய ஆட்டக்காரர் டேவிட் ஆர்டிஸ் பின்னாலிருந்து வந்து தடவிவிட்டார். அந்த மேடையில் எழுந்து துரத்தவா முடியும்? அங்கே சுவரில் மாட்டியிருக்கும் வெண்கலத் தலையை இனி யார் வேண்டுமானாலும் தொடலாம், பாவம்.

உன் வேலையைப் பற்றியும், அந்த மேனேஜர் சொன்னதைப் பற்றியும் நான் எதுவும் எழுதப் போவதில்லை. அதை அப்பா எழுதுவார், இரண்டு பக்கம், நம்பர் போட்டு. நீ முதலில் போய் அந்த இடது பக்கத்து வேலியைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்பு.

பார்சலில் பருப்புப்பொடி, நார்த்தங்காய், இரண்டு பாக்கெட் அப்பளம். அடியில் பிளாஸ்டிக் கவரில் சுற்றியிருப்பது நல்லெண்ணெய். மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சியதுதான், கொஞ்சம் சூடு பண்ணினால் போதும். சனிக்கிழமை நீயே தலையில் வைத்துக்கொள். துரத்துவதற்கு அங்கே யாரும் இல்லை.

அம்மா