மாமா கண்டுபிடித்த கோளாறு

ஈரோடு,
ஞாயிறு இரவு

மாப்ள,

தீபாவளிக்கு நீ போட்ட மெசேஜுக்கு நான் பதிலே போடவில்லை, தப்புதான். இங்கே எல்லோரும் சௌக்கியம், அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன், இதை இன்றைக்கே உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

இங்கிலாந்திலிருந்து வரவழைத்த, நாமே கோத்துச் செய்கிற பித்தளை ரயில் எஞ்சின் மாடல் கிட் ஞாபகம் இருக்கிறதா, 'இந்தக் காசுக்கு ஒரு எருமை வாங்கியிருக்கலாம்' என்றாயே, அதுதான். நிஜ எஞ்சினில் 76-இல் ஒரு பங்கு, பக்கத்துக்கு மூன்று சக்கரம், 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடுவது. அடிச்சட்டத்தை மடித்து ஈயம் பற்றவைத்து, அச்சு போட்டு, சக்கரம் மாட்டுகிற வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கிற கப்ளிங் ராடை மாட்டினேன், பிடித்தது வினை. கையால் தள்ளினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகி நிற்கிறது. மூன்று வாரம் மாப்ள! சக்கரத்தில் ராடு மாட்டுகிற இடம்தான் கிராங்க், வலது பக்கத்து கிராங்க் இடது பக்கத்துக்கு 90 டிகிரி தள்ளி நிற்க வேண்டும், அதில்தான் பிசகு என்று நினைத்து, ராத்திரி பதினொரு மணி வரைக்கும் சக்கரத்தைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே கிடந்தேன்.

போன புதன்கிழமை மாமா தேங்காய் கொடுக்க வந்தார். அத்தை போனதிலிருந்து திண்ணையை விட்டு எழாத மனுஷன், மேசையில் கிடந்ததைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "கண்ணு, இடது பக்கத்து ராடை முழுசாக் கழட்டு. வலது மட்டும் இருக்கட்டும், தள்ளு." தள்ளினேன், அப்போதும் பிடித்தது. "ஒரு பக்கம் தனியா இருக்கும்போதே பிடிக்குதுன்னா கோணத்துல குத்தமே இல்ல. ராடுல பாரு." எனக்கு இது தோன்றவே இல்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து ஓடும்போதுதானே கோணம் பேசும்! அதுவும் அச்சுக்கு 90 டிகிரி துல்லியமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, மூன்று அச்சும் ஒரே மாதிரி நின்றால் போதுமாம்.

அப்புறம் ராடைக் கழற்றி, சட்டையில் குத்தியிருந்த ஊக்கைத் துளைக்குள் விட்டு மெதுவாகச் சுற்றினார். கண்ணால் பார்க்கவில்லை, விரலால்தான் பார்த்தார். பின்துளையில் ஊக்கு தட்டியது. இரண்டு தகட்டை ஒட்டித்தான் அந்த ராடைச் செய்வது, ஒட்டும்போது வழிந்த ஈயம் உள்ளே ஒரு பக்கமாக உறைந்திருக்கிறது. அதனால் துளைகளுக்கு நடுவே இருக்கும் தூரம் அச்சுகளின் தூரத்தோடு ஒத்துப்போகவில்லை. துளையைச் சீவிச் சீராக்குகிற ரீமரை விட்டு நாலு சுற்று, பிசிறெல்லாம் வந்துவிட்டது. இரண்டு பக்கத்து ராடையும் மாட்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்துத் தகட்டைக் கொஞ்சம் சாய்த்தேன், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தானாகவே உருண்டு போனது.

அன்றைக்கு மாமா இரண்டு மணி நேரம் பேசினார். ரயில்வே ஷெட்டில் டபிள்யூ.ஜி. என்கிற நீராவி எஞ்சினுக்கு ராடால் இணைத்த சக்கரம் பக்கத்துக்கு நாலு, ஒரு பக்கத்து பிஸ்டன் கோடியில் நிற்கும்போது அடுத்த பக்கத்துப் பிஸ்டன் நடுவில் இருந்தால்தான் வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும், 90 டிகிரி எதற்கென்றால் அதற்குத்தான் என்று சாக்பீஸால் என் வீட்டுத் தரையிலேயே வரைந்து காட்டினார். மேட்டுப்பாளையத்துக்கு நம்மைக் கூட்டிப்போய், ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சினில் மேல் சிலிண்டர் பல்சக்கரத்துக்கு, கீழ் சிலிண்டர் தண்டவாளச் சக்கரத்துக்கு என்று காட்டினாரே, அதே குரல். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் வருகிறார்.

ஒன்று சொல்ல வேண்டும். வலது கண் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. கிராங்க் பின் கீழே விழுந்தது, அவர் காலடியிலேயே கிடந்தது, அவர் வேறு பக்கம் தடவிக்கொண்டிருந்தார். கண்புரை என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறதாம், போனில் உன்னிடம் 'நல்லாயிருக்கேன்' என்றுதானே சொல்லியிருப்பார்? ஆபரேஷனுக்கு நான் கூட்டிப்போகிறேன் என்றால் கேட்கமாட்டேன் என்கிறார். நீ வந்து உட்கார்ந்து பேசு. பொங்கல் வரைக்கும் தள்ளாதே. நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம்.

அடுத்த ஞாயிறு மோட்டார் மாட்டுகிறோம். காலை ஆறு மணிக்கே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.