‘விடுவிக்கலாம்’ என்று கெர்னலே சொல்கிறது, விடுவித்து அனுப்புங்கள்

லினக்ஸ் டிஸ்ட்ரோக்களுக்கு (விநியோகத் தொகுப்புகளுக்கு) அவற்றின் மையநிரலான கெர்னலைக் கட்டித் தரும் பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். மெய்நிகர் இயந்திரங்கள் ஓடும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு சர்வரில் 512 ஜிபி நினைவகம். கெர்னல் நினைவகத்தை வழக்கமாக 4 கேபி பக்கங்களாகப் பிரித்துக் கையாளும். அதில் 480 ஜிபியை நாங்கள் ஹியூஜ் பேஜ் எனப்படும் 2 எம்பி பெரிய பக்கங்களாகப் பூட் ஆகும்போதே ஒதுக்கிவிடுவோம். மிச்சமுள்ள 32 ஜிபிக்குள்தான் கெர்னல், நெட்வொர்க், ஸ்டோரேஜ், கண்காணிப்பு எல்லாம் காலம் தள்ள வேண்டும். அந்த 32இல் 8 ஜிபியை, ஒவ்வொரு பக்கத்தைப் பற்றியும் கெர்னல் வைத்திருக்கும் ‘ஸ்ட்ரக்ட் பேஜ்’ பதிவுகளே எடுத்துக்கொள்கின்றன.

ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் 64 பைட்டில் ஒரு பதிவு, அதாவது மொத்த நினைவகத்தில் சுமார் 1.6 சதவீதம். சாதாரணப் பக்கங்களுக்கு அந்தச் செலவு நியாயமானது. ஹியூஜ் பேஜுக்கு நியாயமில்லை. 2 எம்பி பக்கம் ஒன்றுக்கு 512 பதிவுகள். அவை 32 கேபி, அதாவது எட்டுப் பக்கங்களை அடைத்துக்கொள்கின்றன. முதல் பதிவு தலை, மற்ற 511உம் வால். உருப்படியான தகவல் முன்வரிசையில் உள்ள சில பதிவுகளோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் வரும் வால்கள் எல்லாம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ‘என் தலை அங்கே இருக்கிறது.’ இரண்டாம் பக்கம் முதல் எட்டாம் பக்கம் வரை ஒரே விஷயத்தின் ஏழு நகல்கள்.

இதற்கான தீர்வு உங்கள் கையிலேயே இருக்கிறது: ‘ஹியூஜ்டிஎல்பி விஎம்எம்மேப் ஆப்டிமைசேஷன்’ என்ற கெர்னல் வசதி. விஎம்எம்மேப் என்பது இந்தப் பதிவுகள் இருக்கும் பகுதி. பைட்டான்ஸ் நிறுவனத்தின் முச்சுன் சாங் எழுதி, 2021இல் 5.14 கெர்னலில் சேர்ந்தது. நகல் பக்கங்களின் மெய்நிகர் முகவரிகளை ஒரே பக்கத்தின் மேல் திருப்பிவிட்டு, மற்றவற்றை நினைவகத்துக்கே திருப்பித் தருகிறது. முதலில் எட்டில் ஆறு பக்கங்களைத்தான் விடுவிக்க முடிந்தது. ஏழாவதையும் விடுவித்தால் எல்லா முகவரிகளும் தலை இருக்கும் பக்கத்தையே காட்டும். வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொய்த்தலை தெரியும். அதை அடையாளம் கண்டு உண்மைத் தலைக்குத் திருப்பும் சோதனையையும் எழுதிச் சேர்த்து, அந்த ஏழாவது பக்கத்தையும் மீட்டார்கள். ஒரு 4 கேபிக்காக இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது. 1 ஜிபி பக்கமென்றால் 16 எம்பி பதிவுகள் வெறும் 4 கேபியாகச் சுருங்கிவிடுகின்றன.

ஆனால் கெர்னலில் இதன் இயல்பு நிலை ‘ஆஃப்’. எங்கள் சர்வரில் வந்த கெர்னலிலும் அப்படித்தான். பூட் லாகில் ஒரு வரி வரும்: 2 எம்பி பக்கம் ஒன்றுக்கு 28 கேபி விஎம்எம்மேப் விடுவிக்கலாம் என்று. நான் அதைப் படித்துவிட்டு, விடுவித்தாகிவிட்டது என்றே மாதக்கணக்கில் நம்பியிருந்தேன். உண்மை தெரிந்ததும், ஓடும் கெர்னலின் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோல் (sysctl) வழியாக ஆன் செய்தேன். ஒரு எம்பிகூடத் திரும்பவில்லை. அந்த அமைப்பு இனி ஒதுக்கப்போகும் பக்கங்களுக்கு மட்டும்தான். பூட்டிலேயே ஒதுக்கியவற்றைத் தொடாது. கடைசியில், பூட் ஆகும்போது கெர்னலுக்குத் தரும் அளவுருவில் சேர்த்து ரீபூட் செய்த பிறகுதான் சுமார் ஆறரை ஜிபி கைக்கு வந்தது. 32 ஜிபியில் நெருக்கியடித்து ஓடும் சர்வருக்கு அது பெரிய மூச்சு.

விலை இருக்கிறது என்பதும் தெரியும். ஹியூஜ் பேஜைத் திரும்பச் சாதாரணப் பக்கங்களாக்க வேண்டுமென்றால் விடுவித்த ஏழு பக்கங்களை மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும். நினைவகம் நெருக்கடியில் இருந்தால் அது கிடைக்காமலும் போகலாம். ஒதுக்குவதும் விடுவதும் மெதுவாகும். ஓடும்போதே ஹியூஜ் பேஜ் எண்ணிக்கையை அடிக்கடி ஏற்றி இறக்குபவர்களுக்கு இது தொந்தரவுதான். ஆர்ம்64 செயலிகளில், எந்த முகவரி எந்தப் பக்கத்தைக் காட்டும் என்று குறிக்கும் பக்க அட்டவணையை மாற்றும் விதிகளே குறுக்கே நின்றதால் அங்கே இதை விலக்க வேண்டியிருந்தது. அதைத் திணிக்கச் சொல்லவில்லை. கெர்னல் தானாகவே உருவாக்கும் டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ்கள் எந்த நேரமும் உடைபடக்கூடியவை, அவற்றுக்கும் இது பொருந்தாது.

ஆனால் பூட்டில் ஒதுக்கி, சர்வர் அணையும்வரை திருப்பித் தராதவர்கள் எத்தனை பேர்! தரவுத்தளம் ஓட்டுபவர்களும் மெய்நிகர் இயந்திரங்கள் ஓட்டுபவர்களும் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறோம். பக்கத்தைத் திருப்பியே தராதவர்களுக்கு மேலே சொன்ன விலை கிட்டத்தட்ட இல்லை.

அதனால் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகைச் செயலி) சர்வர் கெர்னல்களில் இதை இயல்பாகவே ஆன் செய்து அனுப்புங்கள். வேண்டாதவர்கள் பூட் அளவுருவில் ஆஃப் செய்துகொள்ளட்டும். முடியாது என்றால், ஹியூஜ் பேஜ் ஒதுக்குவது எப்படி என்று விளக்கும் உங்கள் ஆவணத்தில், பக்க எண்ணிக்கை தரும் வரிக்குப் பக்கத்திலேயே இந்த அளவுருவையும் போடுங்கள். அப்புறம் அந்தப் பூட் லாக் வரியில், ‘விடுவிக்கலாம்’ என்பதோடு இப்போது ஆன்-ஆ ஆஃப்-ஆ என்பதையும் சேர்க்கும் பேட்சை (நிரல் திருத்தத்தை) நானே எழுதித் தரத் தயார்.

அன்புடன்,
ஒரு சர்வர் நிர்வாகி