கேமராவை விற்கலாம், நெகட்டிவை அல்ல

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நலம். போனில் பேசினால் பாதியிலேயே "மீட்டிங்மா" என்று வைத்துவிடுவாய். இது கொஞ்சம் நீளமான விஷயம், அதனால்தான் கடிதம்.

பரணில் கிடக்கிற பழைய கேமராவை எல்லாம் படம் பிடித்து அனுப்பு, இப்போது பிலிம் கேமராவுக்கு நல்ல விலை, விற்றுத் தருகிறேன் என்றாய். முதலில் ஒன்று தெரிந்துகொள். அவை பரணில் கிடக்கவில்லை. பரணில் போட்டிருந்தால் இந்த உப்புக் காற்றுக்கு லென்ஸெல்லாம் எப்போதோ பூஞ்சை பிடித்திருக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, என் புடவை அலமாரியில் வைத்திருக்கிறேன். தோல் உறையைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டேன், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதே அதுதான். சிலிக்கா ஜெல்லின் நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். பழைய வாணலியில் போட்டுச் சூடு காட்டினால் மறுபடி நீலமாகும். கோபால்ட் குளோரைடு செய்கிற வேலை அது. (அந்த வாணலியில் அப்பளம் பொரிக்கக் கூடாது என்று உங்கப்பாவுக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது.)

சரி, இருப்பதைச் சொல்கிறேன்.

அக்ஃபா கிளிக் 3. உன் தாத்தா நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் இருந்தாரே, ஒரு தீபாவளி போனஸில் வாங்கிக்கொண்டு வந்தார். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இது என்று ஆயா சண்டை பிடித்தது தனிக் கதை. 120 ரோல் பிலிம், சதுரப் படம், ஒரு ரோலுக்கு 12. வெயில், மேகம் என்று குறி போட்டிருக்கும், திருப்ப வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. பின்பக்கத்துச் சிவப்புக் கண்ணாடியில் எண் வரும்வரை சுற்ற வேண்டும். அக்கா வளைகாப்புக்கு இத்தனை, பாடலீஸ்வரர் கோயில் தேருக்கு இத்தனை என்று மனசுக்குள் பங்கு போட்டுவிட்டுத்தான் வீட்டை விட்டே கிளம்புவேன். இது விற்பனைக்கு இல்லை. விற்றாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

அடுத்தது ஜெனித் இ. வேலைக்குச் சேர்ந்த பிறகு, புதுச்சேரியில் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் பழசாக வாங்கினேன். ரஷ்யக் கேமரா, செங்கல் கனம். வெளிச்சம் காட்டுகிற மீட்டருக்கு பேட்டரி கிடையாது, செலினியத்தில் ஒளி பட்டாலே முள் அசையும். ஒளி எப்படி மின்சாரமாகிறது என்று காட்ட வகுப்புக்கே எடுத்துப் போயிருக்கிறேன். கடைசி பெஞ்சும் எழுந்து வந்து பார்க்கும்.

அந்தக் கேமராதான் எனக்குப் பிலிம் கழுவுகிற பைத்தியத்தைப் பிடிக்க வைத்தது. கெமிஸ்ட்ரி டீச்சர் பிலிமைக் கடையில் கொடுத்துக் கழுவினால் மரியாதையா? பிலிமில் படத்தை வெளியே கொண்டுவருகிற மருந்தான டெவலப்பரை நானே கலந்தேன். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். கோடாக்காரன் டி-76 என்று பெயர் வைத்த கணக்கு. புத்தகத்தில் 20 டிகிரியில் கழுவு என்று போட்டிருக்கும். சித்திரை மாதம் நம் குழாயில் வருகிற தண்ணீர் 30க்கு மேலே நிற்கும். அந்தச் சூட்டில் ஜெலட்டின் இளகி, படம் முழுக்க வலை வலையாகச் சுருங்கிவிடும். அதனால் முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன் கூடையோடு வருகிற அம்மாவிடம் ஐஸ் கேட்டு வாங்கி, அண்டாவில் கொட்டி, நடுவில் டெவலப்பர் பாட்டிலை நிறுத்துவேன். என் படங்களில் வஞ்சிர வாசனை வருகிறது என்று உங்கப்பா இன்றைக்கும் கிண்டல் பண்ணுவார். ராத்திரி நீங்கள் தூங்கிய பிறகு குளியலறை என்னுடையது. படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ கரைசலிலிருந்து ரோலை எடுத்து விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்கிற அந்த நிமிஷத்துக்காக மறுநாள் பள்ளிக்கூடத்தில் கொட்டாவி விடலாம், தப்பில்லை.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரேசோன் 1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரைப் படம் எடுத்தார். அந்த டிசம்பரிலேயே அரவிந்தர் காலமாகிவிட்டார். மகா கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் இருட்டறை வேலையை அடுத்தவரிடம் விட்டுவிடுவாராம். அதில் மட்டும் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது.

யாஷிகா எம்.எஃப்.-2 உனக்கே தெரியும். உன் முதல் மொட்டையிலிருந்து பத்தாம் வகுப்புப் பிரிவு விழா வரைக்கும் அதுதான். 36 படத்துக்கான ரோலில் 38 எடுக்கிற வித்தையை உங்கப்பா கற்றுக்கொண்டதும் அதில்தான். பிளாஷ் செத்துவிட்டது. யாராவது கேட்டால் கொடுத்துவிடு.

சம்பளக் கமிஷன் நிலுவை வந்தபோது வாங்கியது நிக்கான் எஃப்.எம்.10. உடம்பில் நிக்கான் என்றிருந்தாலும் செய்தது கொசினா கம்பெனி. அதனால் பெயரைப் பார்த்து விலையை ஏற்றி வைக்காதே. ஷட்டர் இன்றைக்கும் சுத்தமாக வேலை செய்கிறது, மீட்டருக்கு மட்டும்தான் பேட்டரி. புகைப்படம் கற்றுக்கொள்கிற பிள்ளை யாருக்காவது போனால் சந்தோஷம். நீ வாங்கிக் கொடுத்த டிஜிட்டல் கேமராவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கோபித்துக்கொள்ளாதே.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். போனில் நீ கேமராக்களைப் பற்றி மட்டும்தான் பேசினாய். "அந்த நெகட்டிவ் குப்பையை என்னம்மா பண்றது" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னாய். அது குப்பை இல்லை.

சுனாமிக்கு முன்னால் பல வருஷம் மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடற்கரையில் படம் எடுத்திருக்கிறேன். சுற்றுப்பட்டுச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும், கூட்டம் அலைமோதும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, என்னிடம் படித்த ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். அவள் அம்மாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. வீடும் போய்விட்டது, மாலை போட்டு மாட்ட ஒரு படம் இல்லை. "டீச்சர், நீங்க திருவிழாவுல எடுப்பீங்களே, எங்கம்மா அங்கதான் சுண்டல் விப்பாங்க" என்றாள். உறைகளில் வருஷம் எழுதி வைத்திருந்ததால் தேட முடிந்தது. ஒரு நெகட்டிவின் ஓரத்தில், சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூடையும் கையுமாக அந்த அம்மா. நான் எடுத்தது சாமியை. என்லார்ஜரை ஏற்றி அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டேன். புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பற்றி எழுத மாட்டேன்.

நம் விருத்தாசலம் கோயில் அர்த்தநாரீஸ்வரரும் எதனால் திரும்பி வந்தார் என்று நினைக்கிறாய்? திருடு போய் ஆஸ்திரேலியாவில் ஒரு கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த சிலை. 2014இல் ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இவை நம் கோயில் சாமிகள்தான் என்று காட்ட, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய கோயில் படங்கள் கைகொடுத்தன. ஊர் ஊராகப் போய் அந்தப் படங்களை எடுத்தவர்கள் போலீஸ் சாட்சிக்கு என்று நினைத்தா எடுத்திருப்பார்கள்? எடுத்தார்கள், உறையில் போட்டு ஊர் பெயர் எழுதி வைத்தார்கள்.

2015 மழை வெள்ளத்தில் இந்தத் தெருவே என்னிடம் ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு வந்தது உனக்குத் தெரியாது, நீ அப்போது ஊரில் இல்லை. நனைந்து ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்கவும் கூடாது, அப்படியே காயவிடவும் கூடாது. காய்ந்தால் ஜெலட்டின் பசையாகிவிடும், பிறகு பிரம்மாவே வந்தாலும் பிரிக்க முடியாது. நல்ல தண்ணீரில் ஊறப் போட்டால் தானாக விட்டுக்கொடுக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, முகம் மேலே இருக்கும்படி வேட்டித் துணியில் நிழலில் பரப்ப வேண்டும். போட்டோ லேபில் போட்ட பழைய பிரிண்ட்கள் தண்ணீரில் பிறந்தவை, தண்ணீரைத் தாங்கின. வீட்டு பிரிண்டரில் எடுத்தவை மட்டும் சாயம் கரைந்து போயின. எதிர்வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை பிழைத்தார், பெண்ணின் பாதி முகம் போய்விட்டது. நெகட்டிவ் இருக்கிறதா என்று கேட்டேன். ஸ்டூடியோவை மூடியபோதே தூக்கிப் போட்டுவிட்டார்களாம்.

அதனால் நான் கேட்பது இதுதான். பொங்கலுக்கு வரும்போது உன் டிஜிட்டல் கேமராவையும், கிட்டத்தில் எடுக்கிற மேக்ரோ லென்ஸ் ஒன்றையும் கொண்டு வா. லென்ஸை வாடகைக்கு எடுத்தால் போதும். வெள்ளை வெளிச்சப் பலகை நான் இங்கே வாங்கி வைக்கிறேன். பலகை மேல் நெகட்டிவை வைத்து ஸ்டாண்டில் கேமராவைக் குனிய வைத்து ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். உறைகளை வருஷவாரியாக அடுக்கும் வேலையை உங்கப்பாவிடம் கொடுத்திருக்கிறேன், எரிச்சலோடுதான் செய்கிறார். உறையில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே பைலுக்கும் பெயராக வை. உன் கணினி போடுகிற எண் எனக்கு வேண்டாம்.

ஜெனித்தை விற்றுக்கொள். அதன் ஹீலியோஸ் லென்ஸில் பின்னணி சுழன்று தெரிகிறது என்று இப்போதைய பிள்ளைகள் தேடி வாங்குகிறார்களாமே. லென்ஸின் ஓரத்தில் நூல்மாதிரி ஒரு பூஞ்சை இருக்கிறது, படத்தில் தெரியாது. ஆனாலும் வாங்குகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடு. வருகிற காசில் எனக்கு இரண்டு 120 ரோல் வாங்கி வா, கறுப்பு வெள்ளை, 100 ஸ்பீடு. கடையில் 400தான் இருக்கிறது என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். கிளிக் 3க்கும் நம் ஊர் வெயிலுக்கும் அது ஆகாது, வெளிச்சத்தை அதிகமாக வாங்கிவிடும்.

அன்புடன்,
அம்மா