நிலவுக்கு இணையம் நீளும் முன்: இஸ்ரோ திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய சந்திரயான்-3இன் பிரக்யான் ரோவர் லேண்டரிடம் மட்டும் பேசியது. லேண்டர் பெங்களூரு அருகே பியாலாலு தரைநிலைய ஆன்டெனாவோடும், மாற்று வழியாகச் சந்திரயான்-2 ஆர்பிட்டரோடும் பேசியது. அதுவே ஒரு சிறு வலைதான். இனிவரும் கலங்களில் தரவு எந்த வழியே போவது என்பதைக் கலங்களே முடிவுசெய்யட்டும். சந்திரயான்-4 மென்பொருள் இறுதியாகும் முன், தரவைப் பொதிகளாக (பண்டில்) கலத்துக்குக் கலம் கைமாற்றும் பண்டில் நெறிமுறையின், 2022இல் தரப்படுத்தப்பட்ட 7ஆம் பதிப்பை அதில் சேர்க்கக் கோருகிறோம்.

நாம் வீட்டில் பயன்படுத்தும் இணைய நெறிமுறையான டிசிபி, தொடக்கத்தில் 1 நொடிக்குள் பதில் வராவிட்டால் தொலைந்ததாகக் கருதி மறுபடி அனுப்பும். நிலவுக்குப் போய்வரவே 2.6 நொடி. செவ்வாய்க்கு ஒருவழிப் பயணமே 3 முதல் 22 நிமிடம். பண்டில் முறையில் ஒவ்வொரு கலமும் தரவை வாங்கிச் சேமித்து, அடுத்த இணைப்பு திறந்ததும் அனுப்பும். புதுச் சரக்கல்ல இது: 2008இலேயே நாசாவின் டீப் இம்பாக்ட் கலத்தில் சோதித்தாயிற்று.

சறுக்குவது நினைவகத்தில்தான். 6ஆம் பதிப்பில், பண்டிலைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை அடுத்த கலம் ஏற்கும் வசதி இருந்தது; அது 7இன் அடிப்படைத் தரத்தில் இல்லை; சேதமின்றிச் சேர்ப்பது, இரு கலங்களுக்கிடையே தரவை அனுப்பும் கீழடுக்கு நெறிமுறையான எல்டிபியின் வேலை. ஆர்பிட்டர் 'வந்தது' என்றதும் லேண்டர் தன் பிரதியை அழித்துவிடும். அந்நேரம் தரவு ரேமில் மட்டும் இருந்து, கதிர்வீச்சால் கணினி ரீசெட் ஆனால் இரு பக்கமும் காலி. ஆகவே முதலில் ரீசெட்டிலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுங்கள், பிறகு ஒப்புதல் அனுப்புங்கள். நொடிக்கு 1 மெகாபிட் வீதம் 8 மணி நேரம் சேர்ந்தால் 3.6 ஜிபி, ஒரு தரைநிலையத் தொடர்பு தவறினாலும் தாங்க, அதைப்போல் இருமடங்கு வையுங்கள். நிரம்பினால் படங்களை விடலாம், கலம் நலமாக இருக்கிறதா என்று காட்டும் தரவை விடக்கூடாது.

கடிகாரமும் கவிழ்க்கும். பண்டிலின் நேரமுத்திரை 2000 ஜனவரி 1இலிருந்து மில்லிநொடிகளில் எண்ணப்படுகிறது. ரீசெட்டில் கடிகாரம் பின்னோக்கிப் போனால், புதிய பண்டிலையும் காலாவதி என்று அடுத்த கலம் தூக்கியெறியும். நம்பகமான கடிகாரம் இல்லாதபோது முத்திரையில் 0 இட்டு, பண்டில் உருவாகி எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லும் வயதுப் பகுதியை இணைக்கத் தரமே இடம் தருகிறது. எந்தக் கலம் எப்போது எதனோடு பேசலாம் என்று சொல்லும் தொடர்பு அட்டவணையின் பதிப்பும் எல்லாக் கலங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் கேளாத ஆன்டெனாவை நோக்கி ஒலிபரப்பு நடக்கும். இணைப்பு மூடியிருக்கும்போது எல்டிபியின் டைமர்களும் நிற்க வேண்டும்.

ஏவும் முன், கலத்தில் செல்லும் அதே தரத்திலான மூன்று கணினிகளை ஆய்வகத்தில் இணைத்து, 22 நிமிடத் தாமதத்தைச் செயற்கையாக ஏற்றி, நடுக் கணினியை அனுப்புகை பாதியில் இருக்கும்போதே ரீசெட் செய்து பாருங்கள். முடிவுகளை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
விண்வெளித் தகவல்தொடர்பு மென்பொருள் துறையினர் சிலர்