ஆறாவது ஆளுக்கு வக்காலத்து

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாட்களுக்கு மேல் ஆகிவிட்டது. பதில் எழுதத் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. போகிற போக்கில் நீ எழுதியிருந்த ஒரு வரி என்னை விடவில்லை. போட்டியாக ஆடும் துப்பாக்கி விளையாட்டு எதுவானாலும் அணிக்கு ஐந்து பேர்தான் சரியான அளவு, ஆறாவதாக வருகிறவன் வேடிக்கை பார்க்க வந்தவன் என்று ஒரே போடாகப் போட்டிருந்தாய். இத்தனை ஆண்டுகள் ஒரே அணியில் ஆடியிருக்கிறோமே, அந்த அணியில் ஆறாவதாக நின்றவன் யார் என்பது உனக்கு மறந்துவிட்டதா?

2016இல் நாம் ஆடிய ஓவர்வாட்ச் என்ற துப்பாக்கி விளையாட்டு வெளிவந்தபோது அணிக்கு ஆறு பேர். யார் வேண்டுமானாலும் எந்தப் பாத்திரத்தையும் எடுக்கலாம் என்றிருந்த நிலை 2019இல் மாறி, முன்னால் நின்று அடி தாங்கும் டேங்க் இருவர், தாக்கும் டேமேஜ் இருவர், காயமாற்றும் சப்போர்ட் (ஹீலர்) இருவர் என்பது விதியாகவே ஆனது. அந்த இரண்டு டேங்க்குகளில் முதலாவது நீ, இரண்டாவது நான். நீ உன் பாத்திரமான ரைன்ஹார்ட்டின் கேடயத்தை இறக்கிவிட்டுச் சுத்தியலை ஓங்குவதற்கு முந்தைய அரை நொடியில் நான் என் பாத்திரமான ஸார்யாவின் காப்புக் குமிழை உன்மேல் போட்டாக வேண்டும். போட்டால், எதிரிகள் குமிழின்மேல் சுட்டதெல்லாம் என் துப்பாக்கிக்கு வலுவாகச் சேரும். தவறினால் நீ விழுவாய், உன் பின்னால் நின்றவர்களும் வரிசையாக விழுவார்கள். "இறக்கப் போறேன்" என்று தொடக்கத்தில் நீ ஒவ்வொரு முறையும் சொல்வாய். சில மாதங்களில் சொல்வதையே நிறுத்திவிட்டாய். நீ மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் மைக்கில் கேட்டாலே எனக்குப் போதுமானதாக இருந்தது. 2022 அக்டோபரில் ஓவர்வாட்ச் 2 வந்தது. அணி ஐந்து பேராகச் சுருங்கியது. எடுக்கப்பட்டது இரண்டாவது டேங்க்கின் இடம். நீ இருந்த இடத்திலேயே இருந்தாய், நான் ஹீலரானேன். ஆகவே இந்த வழக்கில் வாதியும் நானே, வக்கீலும் நானே. அதற்குரிய தள்ளுபடியைக் கழித்துக்கொண்டே நான் சொல்வதைப் படி.

முதலில் உன் பக்கத்து நியாயத்தை முழுதாக ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் ஐந்து என்ற எண்ணைத் தொட நானும் யாரையும் விடமாட்டேன். ஓரணி குண்டு வைக்கும், மற்ற அணி காக்கும். குண்டு வைப்பதற்கு ஏ, பி என்று இரண்டு சைட்டுகள் (இடங்கள்), காப்பவர்கள் ஐவர். ஐந்து இரண்டால் வகுபடாது என்பதில்தான் அந்த ஆட்டத்தின் உயிரே இருக்கிறது. இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர், நடுவில் ஒருவர் என்று நின்றால், நடுவில் நிற்பவன் எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒவ்வொரு ரவுண்டிலும் ஊகித்தே தீர வேண்டும். ஒரு காலடிச் சத்தத்தை நம்பி அவன் பி-க்கு ஓடிய நேரத்தில் ஏ-யில் குண்டு வைக்கப்பட்டுவிட்டால், அது வெடிப்பதற்கு இருக்கும் 40 நொடிகளுக்குள் எல்லோரும் திரும்பி வந்து, சைட்டை மீட்டு, குண்டைச் செயலிழக்கவும் செய்ய வேண்டும். கையில் அதற்கான கருவியான கிட் இல்லையென்றால் செயலிழக்கச் செய்வதற்கே அதில் 10 நொடி போய்விடும். இந்த இடத்தில் ஆறாவதாக ஒருவனைச் சேர்த்துப் பார். மூன்றும் மூன்றுமாகப் பிரிந்து உட்கார்ந்துகொள்வார்கள். ஊகமும் போயிற்று, பதற்றமும் போயிற்று. அதே வகை விளையாட்டான வேலரன்ட்டின் ஹேவன் மேப்பில் சைட்டுகள் மூன்று என்பதால் நிலைமை இன்னும் மோசம்: மூன்றையும் காக்க ஐவரை எப்படிப் பிரித்தாலும் ஒரு சைட்டிலாவது ஒருவன் தனியாகத்தான் நிற்பான், அந்தத் தனியாள் எங்கே என்று மோப்பம் பிடிப்பதுதான் தாக்கும் அணியின் முதல் வேலை. இந்த ஆட்டங்களில் செத்தவன், வேலரன்ட்டில் சேஜ் என்ற பாத்திரம் எழுப்பிவிடுவது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அந்த ரவுண்டு முடியும்வரை வருவதில்லை. எஞ்சிய ஒருவன் எதிரணியைத் தனியாக எதிர்த்துக் கிளட்ச் ஆடும்போது செத்துக் கிடக்கும் நால்வர் வாயைத் திறக்காமல் இருப்பதே பெரிய காரியம். செத்துக் கிடப்பவர்கள் ஐவரானால் அது முடியாமற்போகும், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்தக் கணக்கை, செத்தவன் சில நொடிகளில் மறுபடி பிறக்கும் இடமான ஸ்பானிலிருந்து எழுந்து ஓடி வரும் ஆட்டத்துக்கும் நீ அப்படியே தூக்கிக்கொண்டு போனாயே, அங்கேதான் உன்னோடு எனக்குச் சண்டை. அங்கே கேட்க வேண்டியது வேறு கேள்வி: முதல் ஆள் விழுந்த பிறகு மிச்சமிருப்பவர்களுக்குச் சண்டை போட ஏதாவது நம்பிக்கை இருக்கிறதா?

ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் விமானப் போரைப் பற்றி 1916இல் எழுதிய நூலில் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் இரு படைகள் மோதினால், ஒரு படையின் வலிமை அதன் ஆள் எண்ணிக்கையாக அல்ல, அந்த எண்ணிக்கையின் வர்க்கமாகக் கூடும் என்பது அதன் சாரம். அதை நம் அணிகளுக்குப் போட்டுப் பார்த்தேன். மூவர் அணியில் ஒருவன் விழுந்தால் 9-க்கு 4. எதிரியின் கை இரண்டு மடங்குக்கு மேல் ஓங்கிவிடுகிறது. ஐவரில் ஒருவன் விழுந்தால் 25-க்கு 16, ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். அறுவரில் ஒருவன் விழுந்தால் 36-க்கு 25, ஒன்றரைக்குச் சற்றுக் கீழ். பன்னிருவரில் விழுந்தால் 144-க்கு 121. யாரோ விழுந்தார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. கேடயம், ஹீலிங், சுவர் மறைவு எல்லாம் இருக்கும் விளையாட்டில் இந்தக் கணக்கு எழுத்துக்கு எழுத்து நிற்காது. ஒன்றரை என்பதிலும் மந்திரம் ஒன்றுமில்லை. ஆனாலும் ஹீலராக இந்த நான்கு ஆண்டுகளில் நான் பார்த்தது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஐவர் ஆட்டத்தில் முதல் ஆள் விழுந்ததுமே மைக்கில் வரும் சொல் "பேக், பேக்" என்பதுதான். மற்றவர்கள் பின்வாங்குகிறார்கள், செத்தவன் வரும்வரை காத்திருக்கிறார்கள், அந்த நேரம் முழுவதும் ஆட்டம் ஆட்டமாக இல்லை. நம் பழைய அணியில் ஒருவன் விழுந்த பிறகும் நீயும் நானும் முன்னால் நின்று திருப்பி அடித்து வென்ற சண்டைகள் உண்டு. எல்லாம் வெற்றியல்ல, அதுவும் உண்மைதான்.

ஆறுக்காக வாதாடுகிறேன் என்பதற்காக ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் கொடி பிடிப்பதாக எண்ணிவிடாதே. மேலெல்லையை நிர்ணயிப்பது துப்பாக்கி அல்ல, மைக். ஐந்து பேரில் இருவர் இருவராகச் சேர்த்தால் பேச்சு வழிகள் 10. ஆறு பேரில் 15. ஒன்பது பேரில் 36. பன்னிரண்டு பேரில் 66. நீ தேர்வுக்குப் படிக்கிறேன் என்று விளையாட்டை மூட்டை கட்டி வைத்த அந்த ஓராண்டில், நான் டீம் ஃபோர்ட்ரஸ் 2-இல் ஹைலேண்டர் அணி ஒன்றில் மெடிக்காக ஆடினேன். அந்த விளையாட்டின் ஒன்பது பாத்திரங்களிலும் வகைக்கு ஒருவர் வீதம் ஒன்பது பேர். கேட்பதற்கு அழகான ஏற்பாடு. ஒரு ஆட்டத்தில் என்னிடம் ஊபர் முழுதாக நிரம்பியிருந்தது. அதை அழுத்தினால் நானும் நான் பிடித்திருக்கும் ஆளும் 8 நொடிகளுக்கு எந்தக் குண்டுக்கும் அசைய மாட்டோம். அழுத்தப் போகும் நேரத்தில் யாரோ "பின்னால ஸ்பை!" என்று கத்தினார்கள். மறைந்து வந்து முதுகில் குத்தும் பாத்திரம் அது. யாருக்குப் பின்னால் என்று சொல்லவில்லை. ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தோம், நானும்தான். அந்த ஒரு நொடியில் எதிரணியின் சோல்ஜர் முன்பக்கமாக வந்து என்னைச் சுட்டுப் போட்டான். நிரம்பிய ஊபர் என்னோடு செத்தது. ஸ்பை மேப்பின் மறுகோடியில் எங்கள் எஞ்சினியரின் பின்னால் நின்றிருந்தான் என்று பிறகு தெரிந்தது. அதன் பிறகு அந்த ஒன்பது பேர் தாமாகவே மூன்று கூட்டமாகப் பிரிந்துவிட்டோம்: என்னைச் சுற்றி டெமோமேன், ஹெவி, பைரோ ஒரு கூட்டம், பக்கவாட்டைப் பார்க்க ஒரு கூட்டம், ஸ்னைப்பரும் ஸ்பையும் தனிக்கட்சி. ஒரு பெரிய அணி இருந்ததாகப் பேர். உண்மையில் மூன்று சிறிய அணிகள் ஒரே மைக்கில் மாட்டிக்கொண்டிருந்தோம். அதே விளையாட்டைத் தீவிரமாக ஆடியவர்கள் ஸ்கவுட் இருவர், சோல்ஜர் இருவர், டெமோமேன் ஒருவர், மெடிக் ஒருவர் என்று ஆறு பேரில் வந்து நின்றதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

கால் ஆஃப் டியூட்டியின் தொழில்முறை லீகில் 2020இல் ஐவராக ஆடியவர்கள் அடுத்த சீசனில் நால்வராகிவிட்டதை நீ குறிப்பிட்டிருந்தாய். நெருக்கமான மேப்பில், ஒரே குண்டுமழையில் சாகும் ஆட்டத்துக்கு நால்வர் பொருந்துவதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஏபெக்ஸில் மூவர் என்பது தனிக்கதை. அறுபது பேர் சுற்றும் மைதானத்தில் இருபது அணிகள் ஒன்றையொன்று தேடும்போது, சிறிய அணி என்பது ஒளிந்து நகர்வதற்கான வசதி. 128 பேர் மோதும் பேட்டில்ஃபீல்டு 2042-ஐ இந்த விவாதத்துக்குள் கொண்டுவராதே, அது திருவிழா.

உன் வாதங்களிலேயே வலுவானது க்யூவை, அதாவது ஆட்டம் கிடைக்கக் காத்திருக்கும் வரிசையைப் பற்றியது. டேங்க் ஆட ஆள் குறைவு; பன்னிரண்டு பேர் ஆடும் ஆட்டத்துக்கு நான்கு டேங்க்குகள், அதாவது மூன்றில் ஒருவர் வேண்டும்; பத்துப் பேர் ஆட்டத்துக்கு இரண்டே போதும், ஐந்தில் ஒருவர். டேமேஜ் ஆட வந்தவர்கள் வரிசையில் தவம் கிடந்ததை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் டேங்க் ஆட ஏன் ஆள் வரவில்லை? பாரம் அதிகம் என்பதால். இருவர் தூக்கிய பல்லக்கை ஒருவன் தோளில் வைத்துவிட்டு, தூக்குபவர்கள் பாதியாகக் குறைந்ததால் தட்டுப்பாடு தீர்ந்தது என்று சொன்னால் அது என்ன தீர்வு? உன் கடிதத்திலேயே சாட்சி இருக்கிறது. டி.வா என்ற டேங்க்கோடு இறங்கினாயாம், எதிரணி ஸார்யாவை எடுத்ததாம், குண்டுகளை விழுங்கும் உன் டிஃபென்ஸ் மேட்ரிக்ஸ் அவளுடைய கதிரை விழுங்காது, நீ ரைன்ஹார்ட்டுக்கு மாறினாயாம், அவர்கள் ஒரிசாவுக்கு மாறினார்களாம். முடிவில், நீ ஆட விரும்பியதை ஒரு நிமிடம்கூட நிம்மதியாக ஆடவில்லை என்று எழுதியிருந்தாய். பக்கத்தில் இன்னொரு டேங்க் இருந்திருந்தால் உன் குறையை அவன் மூடியிருப்பான். ஒருவன்தான் என்றால் ஆட்டம் உனக்கும் அவனுக்குமான ஒற்றையர் போட்டி, மற்ற எட்டுப் பேர் சாட்சிகள்.

ஆள் கூடக்கூட ஒவ்வொருவரின் முயற்சியும் குறையும் என்று, கயிறு இழுக்கும் சோதனையை வைத்து 1913இல் பிரெஞ்சுக்காரர் மாக்ஸ் ரிங்கெல்மன் வெளியிட்ட முடிவை நீ ஒருநாள் என்மேல் வீசுவாய் என்று தெரியும், அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன். கயிற்றில் எல்லோருக்கும் ஒரே வேலை. ஆறு பேர் அணியில் மூன்று வேலைகள், வேலைக்கு இருவர். நான் குமிழைப் போடாத நாளில் அதை உன்னைவிட முன்னால் கவனித்தவர் யாருமில்லை. சோம்பலுக்கு அங்கே ஒளிய இடம் கிடையாது. திறமைக் குறைவுக்குத்தான் கொஞ்சம் இடமுண்டு. குறிபார்ப்பதில் நான் எப்போதும் சுமார்தான். ஐவர் அணியில் சுமாரான ஒருவனை எல்லோரும் சுமக்க வேண்டும்; ஆறு பேர் அணியில் அவனுக்கேற்ற ஒரு சின்ன வேலையைக் கொடுத்து உருப்படியாக்கிவிடலாம். ஆறாவது இடம் அவனுடையது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு அதுதான் முழுக் காரணம்.

2024 டிசம்பரில் ஓவர்வாட்ச் 2-இல் ஆறு பேர் முறையை மீண்டும் சோதித்துப் பார்த்தார்கள். அதே மாதத்தில் மார்வெல் ரைவல்ஸ் என்ற புதிய விளையாட்டு அணிக்கு ஆறு பேரோடும் பாத்திரக் கட்டுப்பாடு இல்லாமலும் வந்து இறங்கியது. ஆகவே இந்த வாதம் நம் இருவரின் பழைய நினைவோடு முடிந்துபோன ஒன்றல்ல. வரும் சனிக்கிழமை இரவு நம் பழைய ஆட்களைச் சேர்த்து ஆறு பேராக ஆடிப் பார்ப்போம் என்று எல்லோருக்கும் எழுதியிருக்கிறேன். வாரத்தில் இரண்டு இரவுகள்தான் எனக்கு இப்போது கிடைக்கின்றன, அதில் ஒன்றை இதற்கு ஒதுக்கிவிட்டேன். நீ ரைன்ஹார்ட்டை எடு. மூச்சை மட்டும் கொஞ்சம் சத்தமாக இழு, என் காது முன்போல இல்லை.

இதுவரை உன்னையும் என்னையும் சேர்த்து ஐந்து பேர் தேறியிருக்கிறோம். ஆறாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை. சிரிக்காதே, யாராவது இருந்தால் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய ஸார்யா