மழைக் கணிப்பில் மண்ணின் ஈரத்தையும் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பருவமழை பற்றிய தங்கள் கட்டுரையில் எல் நினோவும் வங்கக் கடலின் வெப்பமும் விரிவாக வந்திருந்தன. மழை விழப்போகும் நிலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மியான்மரின் நடுப்பகுதியில் உள்ள மாண்டலே, மகுவே, சகாயிங் உழவர்களுக்கு அந்த வரிதான் முக்கியம்.

மேற்கே அரக்கான் கரையில் ஆண்டுக்கு 4,000 மி.மீ.க்கு மேல் கொட்டுவது கடல்காற்று மலையில் மோதுவதால். அங்கே மண் காய்ந்திருந்தாலும் நனைந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மலைக்குக் கிழக்கே மழைமறைவில் கிடக்கும் வறண்ட வட்டாரத்தில் பெரும்பாலும் 500 முதல் 1,000 மி.மீ.தான். அங்கே பிற்பகல் இடிமழையில் மண்ணுக்கும் பங்கு உண்டு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர், அதாவது 1 லிட்டர், ஆவியாக ஏறக்குறைய 24.5 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். மண்ணில் ஈரம் இருந்தால் வெயில் அந்த வேலைக்குச் செலவாகும், காற்றில் நீராவி கூடும், மேகத்தின் அடிமட்டம் தாழும். ஈரம் இல்லையென்றால் அதே வெயில் காற்றைச் சூடாக்கி மேகத்தை உயரத்துக்குத் தள்ளிவிடும். விழும் துளி பாதி வழியிலேயே உலர்ந்துபோகும். ஆனாலும் ஈரம் கூடக்கூட மழை கூடும் என்று கணக்குப் போடக் கூடாது. நீர் நிற்கும் வயலும் காய்ந்த மேடும் சந்திக்கும் இடத்தில் வெப்ப வேறுபாடே காற்றை மேலெழுப்பும்.

வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் சறுக்குவது இங்கேதான். அவற்றில் நிலத்தின் ஈரத்தையும் வெப்பத்தையும் கணக்கிடும் பகுதி நிலமாதிரி. நோவா என்ற நிலமாதிரி 2 மீட்டர் மண்ணை மேலிருந்து 10, 30, 60, 100 செ.மீ. கனமுள்ள நான்கு அடுக்குகளாகப் பிரிக்கிறது. மேலடுக்கில் தொடக்க ஈரத்தைத் தவறாகக் கொடுத்தால் அந்தப் பிழை சில நாளில் தீரும். அடியடுக்கில் மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே முந்தைய சில ஆண்டுகளின் மழையையும் வெயிலையும் கொடுத்து நிலமாதிரியை முதலில் தனியாக ஓட்டி, அடியடுக்கின் ஈரத்தை நிலைப்படுத்த வேண்டும். மண் ஈரத்தை அளக்க நாசா 2015-ல் ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோள் நேராக அளப்பது மேல் 5 செ.மீ. ஈரத்தை மட்டுமே. பலரும் எடுத்தாளும் மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் படங்களிலிருந்து ஐ.ஜி.பி.பி. என்ற வகைப்பாட்டில் வரைந்த நிலவகை வரைபடத்தில் பாசனத்துக்குத் தனி வகை கிடையாது; வாய்க்கால் நஞ்சையும் மானாவாரி எள்ளும் ஒன்றாகிவிடும்.

ஈரத்தை அளக்கப் பெரிய செலவில்லை. ஏப்ரல் நடுவில் வரும் திஞ்சான் புத்தாண்டு விழா முடிந்ததும் 10, 30, 60 செ.மீ. ஆழத்தில் மண் எடுத்து, இறுக்கி மூடிய தகர டப்பாவில் எடைபோட்டு, மூடியைத் திறந்து 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடி எடைபோட வேண்டும். குறைந்த எடையை உலர்மண் எடையால் வகுக்கவும். ஈரமண் எடையால் வகுத்தால் ஈரம் குறைவாகத் தெரியும். 120 கிராம் ஈரமண் உலர்ந்து 100 ஆனால் ஈரம் 20 சதவீதம். கணினி மாதிரிக்குக் கொடுக்கும்போது அதை மண்ணின் பருமனடர்த்தியால், அதாவது ஒரு கன செ.மீ. நிலத்தில் உள்ள உலர்மண்ணின் கிராம் எடையால், பெருக்க வேண்டும்: 1.4 என்றால் 28 சதவீதம். கரிசலில் வெடிப்பின் ஓரத்தில் எடுத்த மண் உள்ளதைவிடக் காய்ந்ததாகக் காட்டும்; கட்டியின் நடுவில் எடுக்கவும்.

விதைத்த எள், ஜூலையில் மழை இடைவெளி விடும்போது தாங்குமா என்பதையும் அப்போது இதே முறையில் எடுக்கும் அளவு சொல்லும். தங்கள் வானிலைப் பத்தியில் மழை அளவுக்குப் பக்கத்தில் மண் ஈரத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்குமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வேளாண் வாசகர்கள், பெகு