நீலச் சோறு போட்டவர்களுக்கு

மலேசியாவின் கோத்தா பாருவில் எனக்குச் சோறு போட்ட அனைவருக்கும் வணக்கம்.

எனக்குத் தமிழில்தான் மடல் எழுத வரும். விடுதியில் பக்கத்து அறையில் தங்கியிருந்த ஈப்போ ஆசிரியை இதை உங்களுக்கு மலாயில் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே முதல் நன்றி அவருக்கு. ஐந்து நாளும் அவர் துணைக்கு வராமல் இருந்திருந்தால், மலாய்ச் சாப்பாடு என்றால் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்தான் என்ற எண்ணத்தோடே ஊர் திரும்பியிருப்பேன்.

வக்காஃப் பாரு ரயில் நிலையத்தில் இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. உங்கள் கிளந்தான் மாநிலத்தில் வார விடுமுறையே வெள்ளியும் சனியும்தான் என்பதும், வெள்ளி நண்பகல் தொழுகைக்காகக் கடைகளை அடைத்துவிடுவார்கள் என்பதும் பசி வயிற்றைக் கிள்ளிய பிறகே தெரிந்தது. தெரு முழுக்கக் கதவுகள். அவற்றில் ஒன்று மட்டும் பாதி இறங்கியிருந்தது. உள்ளே நீங்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள், மாக்சிக், எங்கள் ஊர்ப் பேச்சில் அத்தை. என்னைப் பார்த்ததும் நீங்கள் கேட்டதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை; ஆனால் அந்தக் குரல் புரிந்தது. வாசலில் வந்து நிற்பவரிடம் எங்கள் ஊரிலும் முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்பதுதான்.

நீங்கள் வைத்த தட்டில் சோறு நீலமாக இருந்தது. சாயம் என்று நினைத்து ஒரு கணம் தயங்கினேன், மன்னிக்க வேண்டும். நீங்கள் கொல்லைப்புறம் போய் ஒரு கொடியோடு வந்தீர்கள். சங்குப்பூ! எங்கள் வீட்டு வேலியில் படர்ந்து கிடக்கும் அதே பூ. பூசைக்குப் பறித்திருக்கிறேனே தவிர, அது உலைக்குப் போகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சோற்றைச் சுற்றி வறுத்த தேங்காய், மீன், உப்பு முட்டை, முளைப்பயறு, பொடியாக அரிந்த பச்சிலைகள், மீனும் தேங்காயும் அடைத்த பச்சை மிளகாய். நான் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டதைப் பொறுக்க மாட்டாமல், எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசையும்படி கையைச் சுழற்றிக் காட்டினீர்கள். பிசைந்த பிறகுதான் அது நாசி கெராபு ஆனது. கை கழுவ நீங்கள் நீட்டிய மூக்கு வைத்த செம்பின் பெயர் கெண்டியாம். என் பாட்டி அதைக் கிண்டி என்பார். அன்று நீங்கள் காசு வாங்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன், உங்கள் மகன் கணக்குப் பார்க்கட்டும்.

புடு என்ற மீன் சாற்றை எனக்கு அறிமுகப்படுத்திய பாக்சிக்குக்கு, அதாவது மாமாவுக்கு, தனியாகவே எழுத வேண்டும். நெத்திலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊற வைத்து எடுக்கும் அந்தச் சாற்றை நான் ரசம் போல ஒரு கரண்டி வாயில் ஊற்றிக்கொண்டபோது நீங்கள் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டீர்கள், அதைப் பார்த்தேன். பிறகு எலுமிச்சை பிழிந்து, சின்ன வெங்காயமும் மிளகாயும் நறுக்கிப் போட்டு, வெள்ளரியை அதில் தொட்டுக் கொடுத்தீர்கள். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த நாக்கு எனக்கு. அந்த வாசத்தோடு சமாதானமாக அதற்கு இரண்டு நாளே தேவைப்பட்டது.

அடுத்து, சித்தி கதீஜா என்ற பெயர்கொண்ட சந்தைக்கு வருகிறேன். அங்கே விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்த்தால் காய்கறிக் குவியல்களுக்கு நடுவே அவர்கள் உட்கார்ந்திருக்கும் காட்சி தேர்க்கோலம் போல விரியும். அங்கே காலையில் நாசி டாகாங் கொடுத்த அக்கா, அந்தச் சோற்றில் வெந்தயம் இருப்பதை நானே கண்டுபிடித்தபோது என்னைவிட நீங்கள்தான் அதிகம் மகிழ்ந்தீர்கள். ஊறிய அரிசியை ஆவியில் வேக வைத்து, தேங்காய்ப்பால் கலந்து மறுபடியும் வேக வைப்பதைக் கையால் நடித்தே விளக்கினீர்கள். சூரை மீன் குழம்பு இல்லாமல் அதைத் தொடக்கூடாது என்று கண்டித்ததும் நினைவிருக்கிறது.

ஆக்கோக் பலகாரம் சுட்ட பாட்டிக்கு: முட்டை, தேங்காய்ப்பால், தென்னை வெல்லம் கலந்த மாவைப் பித்தளை அச்சில் ஊற்றி, அடியிலும் மூடியின் மேலும் தேங்காய் மட்டைத் தணல் போட்டு நீங்கள் சுட்ட அழகைப் பார்த்தபடி அரைமணி நேரம் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். வரிசையில் காத்திருந்தவர்களும் பொறுத்துக்கொண்டார்கள், அவர்களுக்கும் நன்றி. சாலையோரம் நீரா ஊற்றிக் கொடுத்த தம்பி, அது எங்கள் பதநீருக்கு உறவு என்று நான் சொன்னதை நீ நம்பவில்லை. அடுத்த முறை வரும்போது கருப்பட்டி கொண்டுவந்து நிரூபிக்கிறேன்.

கடையைக் கெடாய் என்றும் ஆப்பத்தை ஆப்பாம் என்றும் சொல்கிற உங்கள் ஊரில், தெரியாத மொழிக்குள் இருக்கிறோம் என்று எனக்கு முழுமையாகத் தோன்றவே இல்லை.

மாக்சிக், போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நீலச் சோறு ஆக்கினேன். சாமிக்குப் போடுகிற பூவை அடுப்பில் வைத்தேன் என்று அம்மாவுக்குக் கோபம். அரைத் தட்டு சாப்பிட்ட பிறகு கொஞ்சம் தணிந்தது. மிளகாய்க்குள் அடைக்கிற மீனை வேகவைத்து உதிர்க்க வேண்டுமா, பச்சையாகவே அரைக்க வேண்டுமா என்று கேட்கச் சொன்னார். ஆசிரியையிடம் பதில் சொல்லி அனுப்புங்கள்.